மின் உலையும் அதன் ஓசையும்

ஓசையைக் குறிக்கும் சொற்கள் நம் தமிழ்மொழியில் மிகப் பல. தொல்காப்பியனார் உரியியலில் ஓசைப் பொருளவாகிய சொற்களை எடுத்து ஓதுகின்றார்; கிளவியாக்கத்தில், இரட்டைக்கிளவி இரட்டித்தே நின்று பொருள் தரும், பிரிந்து நில்லாது என்று விதிக்கின்றார். இவற்றை வகுப்பில் பாடங் கேட்டபொழுது, இவை செய்யுளுக்கும் தேர்வுக்குமன்றி வேறொன்றற்கும் உதவா என்றே யாம் எண்ணியிருந்தோம். சென்ற மார்கழித் திங்களில் இராயபுரத்து வீடொன்றிலிருந்த வெந்நீர்க் கெண்டி அவ்வெண்ணத்தை மாற்றிற்று. அவ்வரலாற்றையும், அதனை ஒட்டி யாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். பௌதிக வகுப்பு அன்பர்கள் தம் எல்லையுள் யாம் புகுந்ததைப் பொறுத்தருள்வாராக.

எம் தாயைப் பெற்ற ஆயாவின் இல்லம் இராயபுரத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்கு அணித்தே உள்ளது. ஆயா ஐம்பதாண்டுக் காலம் கூடை சுமந்து மீன் விற்றவர். இப்பொழுது முழங்கால் நோவினால் வீட்டோடு இருக்கின்றார். குளிப்பதற்கும் குடிப்பதற்கும் வெந்நீரே வேண்டும். ஆதலின் அடுக்களையில் ஒரு மின்கெண்டியும், வாளியில் இட்டு நீரைச் சுடவைக்கும் ஹீட்டர் கம்பியும் வைத்திருக்கின்றார். மாடியில் குடியிருக்கும் எம் மாமா ஒரு கீசர் பொருத்தியிருக்கின்றார். கிறிஸ்துமசு விடுமுறைக்கு யாம் அங்குச் சென்ற அன்றே, ஆயா எம்மை அழைத்து, "கெட்டில் கத்துது கண்ணு. காலேஜ் படிக்கிறியே, என்னன்னு பாரு" என்றார். யாம் படிப்பது தமிழ் என்று பணிவுடன் தெரிவித்தோம். "தமிழ் படிச்சா காது கேக்காதா?" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை.

ஆகவே குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுக்களையில் அமர்ந்து, கேட்ட ஓசைகளை எல்லாம் தமிழெழுத்தால் எழுதத் தொடங்கினோம். கெண்டியில் முதலில் 'உஸ்' என்று எழுந்து வரவர உரத்துப் பின் தாழ்ந்த ஓர் இரைச்சல். அதனிடையே, அரிசிப் பொரி வெடிப்பது போன்ற 'பொடபொட'. மாடியிலிருந்து கீசரின் 'தடக் தடக்'. நீர் கொதித்தபின் 'கிளுக்' என ஒன்று. இவையன்றி, கூர்ந்து செவி சாய்த்தாலன்றிக் கேளாத 'சுர்ர்' என்னும் மெல்லொலி ஒன்றும் இருந்தது; விட்டுவிட்டு வந்தது. அதனையும் எழுதினோம், எழுதிப் பொருட்படுத்தாது விட்டோம். அஃது எத்துணைப் பெரும்பிழை என்பது பின்னர் விளங்கும்.

உரத்த ஓசையே முதலில் ஆராயத்தக்கது எனக் கருதிக் கெண்டியின் இரைச்சலை எடுத்துக்கொண்டோம். அடுப்பில் உலை வைத்த நம் மூதாட்டியர் யாவரும் இவ்வோசையை அறிவர். உலை பாடத் தொடங்கியதும் அரிசி களைவதும், பாட்டு அடங்கிக் கொதி எழுந்ததும் அரிசி இடுவதும் அவர்தம் வழக்கம். கடிகாரம் இல்லாத காலத்துக் காதே கடிகாரமாயிருந்தது. அவ்வுலை பாடுவது ஏன்? கெண்டியின் அடியிலுள்ள நீர் மேலுள்ள நீரினும் முன்னரே கொதிநிலையை அடைகின்றது. ஆங்கு நீராவிக் குமிழிகள் தோன்றுகின்றன. அவை மேலெழுந்து, இன்னும் சூடேறாத நீரைத் தொட்டவுடன் குளிர்ந்து, உள்ளிருந்த ஆவி மீண்டும் நீராகிவிட, வெறுமையாகிய அவ்விடத்தை நோக்கி நாற்புறத்து நீரும் பாய்ந்து மோதுகின்றது. கணந்தோறும் எண்ணிறந்த குமிழிகள் இங்ஙனம் நொறுங்குவதே அவ்விரைச்சல். நீர் முழுதும் கொதிநிலையை எய்தியபின் குமிழிகள் நொறுங்காமல் மேற்பரப்புவரை வந்து வெடிக்கின்றன. ஆதலின் இரைச்சல் தணிந்து 'களகள' என்னும் ஓசையே எஞ்சுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்காத்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் என்பவர் இக்காரணத்தை அன்றே கண்டு கூறினார்.

ஈண்டு இடையே ஒரு செய்தி. ஆசுபர்ன் ரெய்னால்ட்ஸ் என்னும் பொறியியற் பேராசிரியர் கெண்டியின் ஓசையைப் பற்றி எழுதியதைப் படித்த ரேலே பிரபு, நொறுங்கும் குமிழியின் நடுவில் எத்துணை அழுத்தம் உண்டாகும் என்று கணக்கிட முற்பட்டார். 1917-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அக்கட்டுரை, கப்பல்களின் சுழல்விசிறிகள் நீரினுள்ளே அரிக்கப்படுவதன் காரணத்தை விளக்கப் பயன்பட்டது. விசிறி விரைந்து சுழலுங்கால் நீரில் தோன்றும் குமிழிகளும் இவ்வாறே நொறுங்கி, வெண்கலத்தையும் சிறிது சிறிதாகக் கொறிக்கின்றனவாம். ஆயாவின் அடுக்களையில் கேட்கும் இரைச்சலும், சென்னைத் துறைமுகத்திற்கும் எண்ணூர்த் துறைமுகத்திற்கும் வரும் பெருங்கப்பல்களின் விசிறியை அரிக்கும் ஆற்றலும் ஓரினத்தன என்பதைப் படித்தபொழுது யாம் வியந்தோம். கெண்டிக்கு மட்டும் இதனால் கேடில்லை. இவ்விரைச்சல் நோயன்று, இயல்பு.

நிற்க. 'பொடபொட' என்பதோ இயல்பன்று. கெண்டியைக் கவிழ்த்து வெயிலில் நோக்கினோம். அடித்தகடு முழுவதும் வெண்மையும் பழுப்புமான ஓடு ஒன்று, சிப்பியின் உட்புறம்போல் படிந்திருந்தது. ஹீட்டர் கம்பியோ சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தது போல் இருந்தது. இவ்வோட்டின் வரலாறு வடசென்னை நிலத்தின் வரலாறேயாம். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட் என்னும் உப்புக் கரைந்திருக்கின்றது. நீரைக் காய்ச்சுங்கால் அது சிதைந்து, கரியமிலவாயு வெளியேற, கரையாத கால்சியம் கார்பனேட்டாக, அஃதாவது சுண்ணாம்புக்கல்லாக, சூடு மிகுந்த இடத்திலேயே படிகின்றது. நீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு விரைவில் ஓடு தடிக்கும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 மில்லிகிராம் வரை பொறுக்கத்தக்கது என்றும் இந்தியத் தர அளவை கூறுகின்றது. மீஞ்சூர் முதலிய இடங்களில் பன்னெடுங்காலமாக நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால், கடல்நீர் நிலத்தினுள் பல கிலோமீட்டர் தொலைவு புகுந்துவிட்டது என்பது யாவரும் அறிந்ததே. கரையோரத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் உவர்ப்பதும் கடினமாவதும் இவ்வாற்றானே. கடலுப்பிலுள்ள குளோரைடு ஓடாகப் படிவதில்லை. ஆயின் கம்பியின் உலோக உறையை மெல்ல மெல்ல அரிக்கும். ஆகவே இப்பகுதியின் வெந்நீர்க் கருவிகளுக்குச் சுண்ணாம்பு ஒருபுறமும் உப்பு ஒருபுறமுமாக இரு பகை.

இஃது இன்று தோன்றிய இடரும் அன்று. இராயபுரம் இருப்புப்பாதை நிலையத்திலிருந்து 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் வாலாஜா ரோடு நோக்கித் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலமெல்லாம் அவற்றின் கொதிகலன்களைக் குறித்த நாளில் ஆறவைத்து, உட்படிந்த ஓட்டையும் சேற்றையும் கழுவி எடுப்பது பணிமனைகளின் இன்றியமையாத வேலையாயிருந்தது. எண்ணூரில் 1970-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி, 450 மெகாவாட் ஆற்றலுடையதாய் வளர்ந்து, 2017-ஆம் ஆண்டு மூடப்பட்ட அனல்மின் நிலையமும், இன்று அத்திப்பட்டில் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையமும் பெரிய உலைகளே அன்றோ? அத்தகைய நிலையங்களில் கொதிகலனுக்குச் செல்லும் நீரிலிருந்து உப்பனைத்தையும் முன்னரே நீக்கிவிடுகின்றனர். நீக்காவிடில் குழாய்கள் வெந்து வெடிக்கும். மின்சாரம் ஆக்குமிடத்தில் நீருக்கு அத்துணைக் காவல். அம்மின்சாரத்தைக் கொண்டு நீர் காய்ச்சும் வீட்டிலோ ஆழ்குழாய் நீரை அப்படியே ஊற்றுகின்றோம்.

ஓடு படிந்தால் ஓசை எழுவது எங்ஙனம்? சுண்ணாம்பு ஓடு, செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கடத்தாது. ஆகையால் ஓட்டின் அடியிலுள்ள தகடு அளவுமீறிச் சுடுகின்றது. ஓட்டின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் புகுந்த நீர் அங்கே அடைபட்டுத் திடீரென ஆவியாகி, ஓட்டைத் தூக்கிக்கொண்டு வெளிப்படுகின்றது. அதுவே 'பொடபொட'. கீசரின் 'தடக் தடக்' பெரும்பாலும் இதன் அண்ணன். தொட்டியின் அடியில் உதிர்ந்து குவிந்த சுண்ணாம்பின் கீழிருந்து ஆவி முட்டி எழும் ஓசை அது. நீர் காயும்பொழுது கேட்டால் சுண்ணாம்பு என்க. குழாயைத் திருகி மூடிய கணத்தில் மட்டும் 'தடால்' என்று கேட்டால், ஓடிவந்த நீர் திடீரென நின்று குழாயை மோதுவது என்க. இரண்டாவதற்குக் குழாயை மெல்ல மூடுவதும், சுவரில் குழாயைப் பற்றும் பிடிகளை இறுக்குவதும் போதும்.

ஓட்டை நீக்கும் வகை எளிது. கெண்டியில் ஓடு மூழ்கும் அளவு நீர் விட்டு, எலுமிச்சைச் சாறோ, கடைகளில் எலுமிச்சை உப்பு என விற்கும் சிட்ரிக் அமிலத்தில் இரண்டொரு தேக்கரண்டியோ இட்டு, சூடாக்கி, மின்தொடர்பை நீக்கி அரைமணி நேரம் வைத்தல் வேண்டும். நுரைத்துப் பொங்கும்; கரியமிலவாயு வெளிப்படுவதே அது. பின்னர் இருமுறை கழுவி, ஒருமுறை நீர் காய்ச்சிக் கொட்டிவிடலாம். கழிவறை கழுவும் அமிலத்தைக் கொண்டு விரைவில் முடிக்க எண்ணுவோர் உளர். அது சுண்ணாம்பைத் தின்றபின் உலோகத்தையும் தின்னும். புளிப்புப் பொருள் எதனையும் பிளீச்சிங் பவுடருடன் கலத்தல் ஒருபொழுதும் கூடாது. குளோரின் என்னும் நச்சுவாயு எழும். கத்தியால் சுரண்டுவதும் தகாது. ஆயா கத்தியால் சுரண்டியே பழகியவராதலின், இதனை மும்முறை சொல்லவேண்டியதாயிற்று.

அன்று மாலை கெண்டியைச் செவ்வனே துலக்கி, தெருக்குழாயில் வரும் மெட்ரோ நீரை ஊற்றிக் காய்ச்சினோம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவில் 2010-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் வடசென்னைக்கு வருகின்றது. நிலத்தடி நீரைப்போல் அது கடினமன்று. கெண்டி பாடிற்று, பொடபொடப்பு அறவே இல்லை. ஆயா மகிழ்ந்தார். யாமும் தேர்வில் வென்றவர் போல் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அந்த அமைதியில்தான், பொருட்படுத்தாது விட்ட 'சுர்ர்' மீண்டும் கேட்டது.

அதனை ஆராயுமுன், பிற ஓசைகள் சிலவற்றை விரைந்து கூறிவிடுவோம். மின்கருவிகளில் வண்டு இமிர்வது போன்ற ரீங்காரம் ஒன்று கேட்பதுண்டு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறுகின்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் காந்தவிசை இருமுறை உச்சமடைவதால், நொடிக்கு 100 அதிர்வுடைய தாழ்ந்த சுருதி பிறக்கின்றது. தளர்ந்த திருகாணியோ, ஆடும் மூடியோ இருந்தால் அது அச்சுருதிக்குத் தாளம் போடும். கையால் அழுத்தினால் அடங்குகின்றதா என்று மின்தொடர்பு இருக்கும்பொழுது சோதித்தல் ஆகாது. தொடர்பை நீக்கித் திருகாணிகளை இறுக்கிப் பின் கேட்டறிக. எண்ணூர்ப் பக்கத்தில் சிறுபட்டறை வைத்திருக்கும் எம் உறவினர் ஒருவர், தம் மின்சூளையைச் செலுத்தும் காண்டாக்டர் என்னும் பெருஞ்சுவிட்சு நாள்முழுதும் உறுமுகின்றது என்றார். அதன் இரும்பு முகங்களிடையே தூசோ துருவோ புகுந்தால் அவை பொருந்தி அமையாமல், நொடிக்கு நூறுமுறை தட்டிக்கொள்ளும். நிலக்கரிச் சாம்பலும் உப்புக்காற்றும் ஒருங்கே உலவும் எண்ணூரில் இது நிகழாதிருந்தாலே வியப்பு. அம்முகத்தில் பதித்திருக்கும் சிறு செப்புவளையம் முறிந்தாலும் உறுமல் மிகும். அவ்வளையம், மின்னோட்டம் மாறும் கணத்திலும் பிடி தளராமல் காப்பது.

இண்டக்சன் அடுப்பின் கீச்சொலி வேறு. அதனுள் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் மாறும் மின்னோட்டம் பாய்கின்றது. அவ்வதிர்வு மனிதர் செவிக்கு எட்டாததாயினும், பல தகடுகளை ஒட்டிச் செய்த மெல்லிய பாத்திரத்தின் அடி அதனால் நடுங்கிக் கேட்கத்தக்க ஒலியை எழுப்பும். கனத்த அடியுள்ள பாத்திரத்தை வைத்தால் தணியும். நீர் கொதித்தபின் வரும் 'கிளுக்' என்பது, இருவேறு உலோகத் தகடுகளை ஒட்டியமைத்த துண்டு சூட்டினால் வளைந்து சுவிட்சைத் தள்ளும் ஓசை. அது கேளாவிடில்தான் கவலைப்படவேண்டும். கீசரின் பாதுகாப்பு வால்வு சீறுவதையும் சொட்டுவதையும் கண்டு அதனை அடைத்துவிடுவார் சிலர். 25 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 75 பாகைக்குச் சுடவைத்தால், அது ஏறத்தாழ அரை லிட்டர் பெருகும். பெருகிய நீர் செல்ல வழி வேண்டாவோ? அவ்வால்வை அடைப்பது தொட்டியை வெடிகுண்டாக்குவது. ஹீட்டர் கம்பி சீறினால், வாளியின் நீர் அதன் குறிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று கொள்க. உடனே சுவிட்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கியபின்னரே நீரில் கைவைக்கலாம். நீர் சுட்டதா என்று விரல் இட்டுப் பார்க்கும் பழக்கத்தால் உயிரிழந்தோர் பலர்.

இனி, 'சுர்ர்' என்பதற்கு வருவோம். கெண்டி இயங்கும்பொழுது கேட்டது. கெண்டியை நிறுத்தியதும் நின்றது. ஆகவே கெண்டியிலிருந்தே வருகின்றது என்று முடிவு செய்து, அதனை மீண்டும் கவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஹீட்டர் கம்பியை அதே சாக்கெட்டில் செருகினோம். அதற்கும் அதே 'சுர்ர்'. இரு கருவிக்கும் ஒரே நோய் எங்ஙனம் வரும் என்று திகைத்தோமேயன்றி, இரண்டற்கும் பொதுவாய் நின்றது யாது என்று உடனே சிந்தித்தோமில்லை. 1816-ஆம் ஆண்டு லேன்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் மார்பொலியைக் கேட்டார் என்றும், அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் தோற்றம் என்றும் படித்திருந்தோம். சென்ற ஆண்டின் இக்கல்லூரி மலரே கைக்கு அகப்பட்டது. அதனைச் சுருட்டிக் காதில் வைத்து, கெண்டி, வடம், சுவர் என்று ஒவ்வொன்றாகத் தொடாமல் அணுகிக் கேட்டோம். சுவரிலிருந்த சாக்கெட்டின் அருகே அவ்வொலி பெரிதாயிற்று.

அப்பொழுது ஆயா அருகில் வந்து, "இது நெத்திலி பொரியிற சத்தம்" என்றார். பின்னர் மூக்கைச் சுளித்து, "பத்து நாளா ஒரு நாத்தம் வருது. உங்க மாமன் துறைமுகத்துக் காத்துன்னு சொல்றான். அம்பது வருஷம் மீன் வித்தவ நான். எந்த மீனும் இப்படி நாறாது கண்ணு" என்றார்.

எமக்கும் மீன் நாற்றமே தெரிந்தது. காசிமேட்டில் மீன் நாற்றத்தை யார் ஐயுறுவர்? ஆயின் ஆயாவின் மூக்கு சுறாவையும் சங்கராவையும் இருளில் பிரித்தறிவது. உடனே மீட்டர்ப் பெட்டியில் உள்ள பொதுச் சுவிட்சை நிறுத்தினோம். பிளக்கைத் தொட்டபொழுது விரல் சுட்டது.

மறுநாட் காலை, அத்தெருவில் மின்வேலை செய்யும் முதியவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். பிளக்கின் முள் ஒன்று கருஞ்சிவப்பாகி இருந்தது. சாக்கெட்டின் துளை உருகி நீண்டிருந்தது. அதன் பின்னே கம்பியைப் பற்றும் திருகாணி தளர்ந்து, பச்சைக் களிம்பு பூத்திருந்தது. தாள்குழலைக் காதில் வைத்துக் கேட்டதைச் சொன்னோம். "காது வைக்கிற இடமா தம்பி அது!" என்று கடிந்துகொண்டார். கடிந்தது முறையே.

நிகழ்ந்தது இதுவாம். கெண்டி 1500 வாட் ஆற்றலுடையது. 230 வோல்ட் அழுத்தத்தில் ஏறத்தாழ 6½ ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அது செருகப்பட்டிருந்த சாக்கெட்டோ 6 ஆம்பியருக்கு உரியது. சிறிதே மிகையெனினும், நாள்தோறும் பலமுறை சுடுவதும் ஆறுவதுமாக இருந்தமையால் திருகாணி தளர்ந்தது. கடற்காற்றின் உப்பீரம் பித்தளையில் களிம்பேற்றிற்று. களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். 1841-ஆம் ஆண்டு ஜூல் கண்ட விதிப்படி, மின்னோட்டத்தைத் தன்னாலேயே பெருக்கி, அதனை மின்தடையாற் பெருக்க வருவதே வெப்பம். அத்தளர்ந்த இடத்தின் மின்தடை அரை ஓம் அளவே எனக் கொள்ளினும், 6½-ஐ 6½-ஆற் பெருக்கிப் பாதியாக்க, ஏறத்தாழ 21 வாட் ஆகின்றது. பற்றவைக்கும் சிறு ஈயக்கோல் 25 வாட் உடையது. அத்தகைய கோல் ஒன்றைச் சுவரினுள்ளே, பிளாஸ்டிக்குப் பெட்டியுள்ளே செருகி வைத்தது போலாயிற்று. தளர்ந்த இடைவெளியில் மின்பொறி தாவித்தாவி எரிவதே 'சுர்ர்'.

மீன் நாற்றத்திற்கும் காரணம் உண்டு. பிளக்கும் சாக்கெட்டும் செய்யப்படும் பிசின்வகைப் பொருள்கள் சில, அளவுமீறிச் சுட்டால் அமின் என்னும் இனத்து ஆவிகளை வெளிவிடும். அழுகும் மீனின் நாற்றமும் அவ்வினத்ததே. ஆகவேதான் வேறு ஊரில் இந்நாற்றம் எழுந்தால், 'வீட்டில் மீன் இல்லையே' என்று தேடிக் கண்டுபிடிக்கின்றனர்; இராயபுரத்திலோ, எண்ணூர்க் குப்பங்களிலோ, திருவொற்றியூர்க் கடற்கரையிலோ ஒருவரும் திரும்பியும் பாரார். கடலோரத்தார்க்கு மூக்கு தரவேண்டிய எச்சரிக்கையை அவர்தம் தொழிலே மறைத்துவிடுகின்றது. எஞ்சி நிற்பது காது ஒன்றே. அதற்கும் அன்று கெண்டியின் பொடபொடப்பு திரையிட்டிருந்தது.

ஃபியூசும் எம்.சி.பி.யும் இருக்க அவை ஏன் காக்கவில்லை என்று முதியவரைக் கேட்டோம். மின்னோட்டம் அளவுமீறினால் அவை அறுக்கும். இங்கே மிகையான மின்தடையால் மின்னோட்டம் சற்றுக் குறைந்ததேயன்றிக் கூடவில்லை என்றார். மின்கசிவைக் காணும் கருவியும் இதனை அறியாது; மின்சாரம் எங்கும் கசியாமல் தன் வழியேதான் செல்கின்றது. பொறிகள் மூன்றும் உறங்க, ஐம்பொறியுள் இரண்டே விழித்திருந்தன என்று சொல்லத் தோன்றுகின்றது; முதியவர் முன் சொல்லவில்லை.

இத்தகைய ஒலி கேட்டால் செய்யத்தக்கது: பிளக்கைப் பிடுங்க முயலாமல் முதலில் பொதுச் சுவிட்சை நிறுத்துக. ஆறியபின் பிளக்கின் முட்களை நோக்குக; கறுத்தோ நிறம் மாறியோ இருந்தால் பிளக்கு, சாக்கெட்டு இரண்டையும் மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதன் கெடுதி புதியதையும் கெடுக்கும். 16 ஆம்பியர்ப் பிளக்கை 6 ஆம்பியர்ச் சாக்கெட்டில் செருக உதவும் இடைச்செருகிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன; நீர் காய்ச்சும் கருவிகளுக்கு அவற்றைப் பயன்படுத்தல் ஆகாது. கடலை அடுத்த வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும், பழகிய மின்பணியாளரைக் கொண்டு சாக்கெட்டுகளைத் திறந்து திருகாணிகளை இறுக்குவித்தல் நலம்.

முதியவர் மீட்டரிலிருந்து தனிக்கம்பி இழுத்து 16 ஆம்பியர்ச் சாக்கெட்டு ஒன்றைப் பொருத்திச் சென்றார். உருகிய பழைய பிளக்கை யாம் கேட்டு வாங்கிக்கொண்டோம். விடுதி மேசைமீது தொல்காப்பியத்தின் அருகே அது கிடக்கின்றது. ஆயா இப்பொழுது கெண்டிக்கு மெட்ரோ நீரையே ஊற்றுகின்றார். குழாயில் நீர் வாராத நாளில் ஆழ்குழாய் நீரை ஊற்றிவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்புகின்றார். மாமாவின் கீசர் மட்டும் இன்னும் 'தடக் தடக்' என்கின்றது. அதன் தொட்டியைத் திறந்து சுண்ணாம்பை வாரி, தொட்டி துருவேறாமல் தான் கரைந்து காக்கும் மக்னீசியக் கோலையும் மாற்றவேண்டும். கோடை விடுமுறையில் அதனைச் செய்வதாக முதியவரோடு பேசி வைத்திருக்கின்றோம்.